2021 அபுதாபி ஃபார்முலா ஒன் கடைசிச் சுற்று: விதி மீறப்பட்டதா, பட்டம் செல்லுமா?

நீங்கள் கேட்டது ஒரே வரி: "2021ல் ஹாமில்டனின் எட்டாவது பட்டத்தைப் பறித்துவிட்டார்கள் என்கிறார்கள், அப்படியென்றால் வெர்ஸ்டாப்பன் உண்மையான சாம்பியன் இல்லையா?" இந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அன்றைக்கு விதி மீறப்பட்டதா? மீறப்பட்டிருந்தால் முடிவை ஏன் மாற்றவில்லை? யாருக்காவது சாதகமாக வேண்டுமென்றே செய்தார்களா? முதல் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்கு என்னிடம் இருப்பது ஊகம் மட்டும்தான். எது ஊகம் என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் பன்னிரண்டு சீசன் மார்ஷலாக இருந்திருக்கிறேன். முதலில் கொடி, அப்புறம் விபத்து மீட்புக் குழு, கடைசி நான்கு வருடம் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் செய்திகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. ஃபார்முலா ஒன் கட்டுப்பாட்டு அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆனால் தடத்தில் வண்டி கிடக்கும்போது அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரின் நிலைமை எப்படி இருக்கும் என்பது தெரியும். விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படிக்கும் பழக்கமும் உண்டு.

நடந்தது இதுதான். 2021 டிசம்பர் 12, யாஸ் மரீனா தடம், மொத்தம் 58 சுற்று. பந்தயம் தொடங்கும்போது மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன், ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் இருவருக்கும் சரியாக 369.5 புள்ளி. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மழை விடாமல் பெய்ததால், சேஃப்டி காருக்கு (ஆபத்து நேரத்தில் முன்னால் போய் எல்லோரையும் மெதுவாக வரிசையில் ஓட்டவைக்கும் வண்டி) பின்னால் சில சுற்று ஓட்டிவிட்டுப் பந்தயம் முடிந்தது என்று அறிவித்துப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, ஹாமில்டனுக்கு 7.5. ஒரு சுற்றுகூடப் பந்தயமாக ஓடாமல் முடிந்த பந்தயத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதித்துப்போயிருந்த சீசன் அது. அபுதாபியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெர்ஸ்டாப்பன் முதல் இடத்திலிருந்து கிளம்பினாலும் தொடக்கத்திலேயே ஹாமில்டன் முன்னே போய்விட்டார். முதல் சுற்றில் உரசல், நடுவில் வெர்ஸ்டாப்பனின் அணித் தோழர் பெரெஸ் ஹாமில்டனைப் பிடித்துவைத்துச் சில விநாடிகளைத் தின்றது என்று எல்லாம் இருந்தது. ஆனாலும் 53வது சுற்றில் ஹாமில்டன் சுமார் 11 விநாடி முன்னால் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது 14வது வளைவில் நிக்கோலஸ் லதிஃபி சுவரில் மோதினார். சேஃப்டி கார் வெளியே வந்தது. வெர்ஸ்டாப்பன் பிட்டுக்குள் போய் மிருதுவான டயர் மாட்டிக்கொண்டார். ஹாமில்டன் உள்ளே போகவில்லை. அவர் வண்டியில் இருந்தது 14வது சுற்றில் மாட்டிய கடின டயர். "ஏன் மாற்றவில்லை?" என்று இன்றும் கேட்கிறார்கள். முன்னால் ஓடுபவருக்கு அந்த இடத்தில் நல்ல வழியே கிடையாது. அவர் உள்ளே போனால் வெர்ஸ்டாப்பன் வெளியிலேயே இருந்து முதல் இடத்தை வாங்கிக்கொள்வார். பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்தால் பட்டமும் அதோடு போய்விடும். விதி எப்படிச் செயல்படும் என்று எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் மெர்சிடிஸ் அந்த முடிவை எடுத்தது. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு.

இப்போது வரிசை எப்படி இருந்தது என்று பாருங்கள். ஹாமில்டன் முன்னால். அவருக்குப் பின்னால் ஒரு சுற்று பின்தங்கிய ஐந்து வண்டிகள்: நோரிஸ், அலோன்சோ, ஓகோன், லெக்லர், வெட்டல். அப்புறம் வெர்ஸ்டாப்பன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பின்தங்கிய வண்டிகள், ரிக்கார்டோவும் ஸ்ட்ரோலும். அதற்குப் பின்னால்தான் மூன்றாம் இடத்தில் இருந்த சைன்ஸ். மிக் ஷூமாக்கரும் ஒரு சுற்று பின்தங்கிக் கடைசியில் இருந்தார். ஆக, பின்தங்கிய வண்டிகள் மொத்தம் எட்டு.

இப்படிப் பின்தங்கிய வண்டிகளைச் சேஃப்டி காரைத் தாண்டி முன்னே அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. அன்றைய விதி 48.12 இரண்டு விஷயம் சொன்னது. செய்தி கொடுத்தபின் பின்தங்கிய வண்டிகள் முன்னால் இருப்பவர்களையும் சேஃப்டி காரையும் தாண்டிப் போக வேண்டும். அவற்றில் கடைசி வண்டி முதல் இடக்காரரைத் தாண்டியபின், அதற்கு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போகும். அந்தக் கூடுதல் சுற்று எதற்கு என்று பலர் கேட்பார்கள். முன்னே அனுப்பப்பட்ட வண்டிகள் தடம் முழுக்கச் சுற்றி வந்து வரிசையின் வாலில் சேர வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் பந்தயம் சூடுபிடித்திருக்கும், இன்னொரு பக்கம் சில வண்டிகள் பாதித் தடத்தில் தனியாக வந்துகொண்டிருக்கும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வண்டிகள் வரும் தடத்தில் நான் நின்றிருக்கிறேன். ஒருமுறை ஒரு வண்டி வளைவின் வெளி விளிம்பில் ஜல்லியில் புதைந்துவிட்டது. நாங்கள் நால்வர் கயிறு மாட்டிக்கொண்டிருந்தோம். என் வேலை கயிற்றைப் பார்ப்பதில்லை, வரும் வண்டிகளைப் பார்ப்பது. முகத்தை எதிரே வைத்துக்கொண்டு, கூட நிற்பவன் தோளில் ஒரு கை வைத்திருக்க வேண்டும். வண்டி வருகிறது என்றால் தோளைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கு எச்சரிக்கை. வரிசையாக மெதுவாக வரும் கூட்டம் பயமில்லை. பின்தங்கிய வண்டி ஒன்று கூட்டத்தைப் பிடிக்க வேகமாக வரும்போதுதான் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் தடத்தில் ஆள் இருக்கும்வரை அந்த வண்டிகளை அவிழ்த்துவிட மாட்டார்கள். அன்று யாஸ் மரீனாவில் ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசி முதலில் "பின்தங்கிய வண்டிகள் தாண்டக் கூடாது" என்று செய்தி கொடுத்தது இந்த வகையில் முழுக்க நியாயமானது. அப்போது லதிஃபியின் வண்டியையும் சிதறிய துண்டுகளையும் அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்ததுதான் பிரச்சினை. 57வது சுற்றில் செய்தி மாறியது. எட்டு வண்டிகளும் தாண்டலாம் என்று வரவில்லை. ஐந்து வண்டிகளின் எண்களை மட்டும் குறிப்பிட்டு வந்தது: 4, 14, 31, 16, 5. ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் இருந்த அதே ஐந்து. கூடவே, இந்தச் சுற்றிலேயே சேஃப்டி கார் உள்ளே போகும் என்ற செய்தியும் வந்தது. கூடுதல் சுற்று கொடுக்கவில்லை. 58வது சுற்றில் பந்தயம் மறுபடி தொடங்கியது. புது டயரில் இருந்த வெர்ஸ்டாப்பன் 5வது வளைவில் முந்தி 2.256 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். புள்ளிக் கணக்கு 395.5க்கு 387.5 என்று முடிந்தது.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: ஆம், விதி பின்பற்றப்படவில்லை. ஒன்றல்ல, இரண்டு இடத்தில். எட்டில் ஐந்தை மட்டும் அனுப்பியது ஒன்று, கூடுதல் சுற்று ஓடாமல் சேஃப்டி காரை அழைத்தது இன்னொன்று. இது என் சொந்தக் கருத்து இல்லை. 2022 மார்ச் 19ஆம் தேதி பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. 48.12 கேட்கும் கூடுதல் சுற்றை ஓடாமலேயே சேஃப்டி கார் திரும்ப அழைக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. எல்லா வண்டிகளையும் அனுப்பாமல் விட்டது மனிதத் தவறு என்றும் இருக்கிறது.

அப்படியானால் பந்தயம் முடிந்த அன்று இரவே மெர்சிடிஸ் கொடுத்த புகார் எப்படித் தள்ளுபடி ஆனது? இரண்டு புகார் கொடுத்தார்கள். சேஃப்டி காருக்குப் பின்னால் இருக்கும்போதே வெர்ஸ்டாப்பன் ஒரு கணம் ஹாமில்டனுக்கு முன்னால் மூக்கை நீட்டினார் என்பது முதலாவது. அது பலமில்லாத புகார். உடனே பின்வாங்கிவிட்டார், கோட்டைத் தாண்டும்போது பின்னால்தான் இருந்தார் என்று நடுவர்கள் தள்ளினார்கள், அது சரிதான். இரண்டாவது புகார்தான் கனமானது. ரெட் புல் சொன்ன வாதம், விதியில் "பின்தங்கிய ஏதேனும் வண்டிகள்" என்று படிக்கும்படிதான் இருக்கிறது, "எல்லா வண்டிகளும்" என்று இல்லை என்பது. நடுவர்கள் இரண்டு காரணங்களைச் சேர்த்து மெர்சிடிஸின் புகாரை மறுத்தார்கள். விதி 15.3ன்படி சேஃப்டி கார் விஷயத்தில் ரேஸ் டைரக்டருக்கு மேலான அதிகாரம் உண்டு. 48.12 முழுமையாகப் பின்பற்றப்படாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் சேஃப்டி கார் உள்ளே வருகிறது என்று 48.13ன்படி செய்தி போய்விட்டால் அந்தச் சுற்றின் முடிவில் அது உள்ளே வந்தே ஆக வேண்டும்.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறேன். 15.3 என்பது இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே வேலையைப் பிரிக்கும் விதி. பந்தயத்தை நடத்தும் கிளார்க் ஆஃப் த கோர்ஸ் ஒருவர், ரேஸ் டைரக்டர் இன்னொருவர். இன்னின்ன விஷயங்களில் டைரக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, அவர் சம்மதமில்லாமல் மற்றவர் உத்தரவு கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அந்த மேலதிகாரம் சக அதிகாரியின் மேல்தான், விதிப்புத்தகத்தின் மேல் இல்லை. எங்கள் தடத்திலும் இப்படித்தான்: கட்டுப்பாட்டு அறையில் யார் பேச்சு எடுபடும் என்பது ஒரு விஷயம், அவர் என்ன செய்யலாம் என்பது வேறு விஷயம். அதேபோல 48.13 எப்போதும் 48.12ஐ மீறி நிற்கும் என்றால், 48.12ன் கடைசி வாக்கியத்துக்கு வேலையே இல்லை. யாரும் பின்பற்றத் தேவையில்லாத வாக்கியத்தை எதற்கு எழுதி வைப்பார்கள்? ரெட் புல்லின் சொல் வாதமும் எனக்கு ஒப்பவில்லை. 2020 அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் சேஃப்டி கார் ஏன் அவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று கேட்டபோது, பின்தங்கிய வண்டிகள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது என்று விளக்கம் சொன்னவர் இதே மாசி. அந்த விதியை அவர் எப்படிப் படித்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, தீர்ப்பு பலவீனமானது என்றால் முடிவை மாற்றியிருக்க வேண்டாமா? இங்கேதான் இரண்டாவது கேள்வி. மெர்சிடிஸ் கேட்டது 57வது சுற்றின் முடிவில் இருந்த நிலையை இறுதி முடிவாக அறிவிக்க வேண்டும் என்பது. முடிந்துபோன பந்தயத்தைப் பின்னோக்கிச் சுருக்குவது பொருத்தமில்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். முந்தைய வாதங்களில் அவர்களோடு உடன்படாத நான், இந்த இடத்தில் உடன்படுகிறேன். ஓட்டுநர் தப்பு செய்தால் விநாடி சேர்க்கலாம், தகுதி நீக்கலாம். 1989ல் ஜப்பானின் சுசுகாவில் புரோஸ்டோடு மோதிய பிறகு தப்பு வழியாகத் தடத்துக்குத் திரும்பினார் என்று சென்னாவைத் தகுதி நீக்கினார்கள், பட்டம் புரோஸ்டுக்குப் போனது. அது சரியா தப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் அங்கே தண்டிக்க ஒரு ஓட்டுநர் இருந்தார். அபுதாபியில் வெர்ஸ்டாப்பன் எந்த விதியையும் மீறவில்லை. பச்சைக் கொடி காட்டினார்கள், ஓட்டினார், முந்தினார். அதிகாரியின் தப்புக்காக ஓட்டுநரிடமிருந்து வெற்றியைப் பிடுங்க விதிப்புத்தகத்தில் வழி இல்லை. 2008 சிங்கப்பூரில் வேண்டுமென்றே ஒரு வண்டியை மோதவைத்தார்கள் என்பது மறு வருடமே வெளியே வந்தது. அந்த முடிவுகூட மாறவில்லை. அந்த வருடம் ஒரே புள்ளியில் பட்டத்தை இழந்த மாசா பல வருடம் கழித்து லண்டனில் வழக்குப் போட வேண்டியிருந்தது.

மெர்சிடிஸ் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டு, டிசம்பர் 16ஆம் தேதி கைவிட்டது. அன்று மாலை பாரிஸில் நடந்த பரிசளிப்பு விழாவுக்கு ஹாமில்டனும் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃபும் போகவில்லை. மேல்முறையீடு நடந்திருந்தால் விதி மீறல் என்று தீர்ப்பு வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்று நினைக்கிறேன். பட்டம் கைமாறியிருக்கும் என்று நினைக்கவில்லை. இது என் ஊகம்தான்.

இனி மூன்றாவது, எல்லோரும் சண்டை போடுவது. மாசி ஏன் அப்படிச் செய்தார்? தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். முடிந்தவரை பந்தயம் பச்சைக் கொடியில், அதாவது சேஃப்டி கார் இல்லாமல், முடிய வேண்டும் என்று அணிகளோடு முன்பே பேசிவைத்திருந்தார்கள். மாசியும் நடுவர்களிடம் அதைத்தான் சொன்னார். வண்டியை அகற்றிக்கொண்டிருக்கும்போதே ரெட் புல்லின் அப்போதைய அணித் தலைவர் ஹார்னர் வயர்லெஸ்ஸில் வந்து, பின்தங்கிய வண்டிகளை ஏன் விலக்கவில்லை, ஒரே ஒரு பந்தயச் சுற்று போதும் என்று கேட்டார். பிறகு வோல்ஃப் கத்தினார். இது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. எங்கள் சின்னத் தடத்தில்கூட கட்டுப்பாட்டு அறைக்குள் ஓட்டுநரின் அப்பா வந்துவிட்டால் கதவைக் காட்டுவோம். மீட்பு வேலை நடக்கும்போது டைரக்டரின் காதில் மார்ஷல்களின் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும். உலகப் பட்டம் தீர்மானமாகும் ஐந்து நிமிடத்தில், பயன் பெறப்போகிற இரண்டு தரப்பையும் நேராக அவர் காதுக்குள் விட்டது அமைப்பின் தப்பு. மாசி அந்த நாற்காலிக்கு வந்ததே 2019 மார்ச்சில், மெல்போர்ன் பந்தயத்துக்கு முன்பு, அதுவரை ரேஸ் டைரக்டராக இருந்த சார்லி வைட்டிங் திடீரென்று இறந்துபோனதால்தான்.

தெரியாத பகுதி இது. பின்தங்கிய வண்டிகளைக் கையால் கணக்கெடுத்ததால் தவறு வந்தது என்று எஃப்ஐஏ சொல்கிறது. இதை என்னால் முழுமையாக விழுங்க முடியவில்லை. கணக்கில் பிசகினால் நடுவில் ஒன்று விட்டுப்போகும், வேறெங்கோ ஒன்று கூடும். இங்கே விட்டுப்போன மூன்றும் வெர்ஸ்டாப்பனுக்குப் பின்னால் இருந்த மூன்று. முன்னணியில் ஓடும் இருவருக்கும் இடையே தடை இருக்கக் கூடாது என்பதுதான் விதியின் நோக்கம் என்று மாசியே நடுவர்களிடம் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், நேரமில்லாததால் அந்த ஐந்தை மட்டும் எடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெர்ஸ்டாப்பன் ஜெயிக்க வேண்டும் என்று செய்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அறிக்கையும் அவர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார் என்றே சொல்கிறது, அதை நான் நம்புகிறேன். ஒரு சுற்றாவது பந்தயம் காட்ட வேண்டும் என்ற அவசரம் வேறு, ஒருவரை ஜெயிக்கவைக்கும் சதி வேறு.

அவருக்கு வேறு வழி இருந்ததா? மூன்று இருந்தன. 48.12ஐ அப்படியே பின்பற்றியிருந்தால் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்திருக்கும், ஹாமில்டன் சாம்பியன். முதல் செய்தியோடு நின்று, யாரையும் அனுப்பாமல் 58வது சுற்றைத் தொடங்கியிருக்கலாம். அதுவும் விதிக்குள்தான். நடுவில் ஐந்து வண்டி இருந்தால் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனைப் பிடித்திருப்பது மிகக் கடினம். அல்லது லதிஃபி மோதியதும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியிருக்கலாம். அந்த ஜூனில் பாக்கூவில் வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்தபோது அப்படித்தான் நிறுத்தி, கடைசி இரண்டு சுற்றுக்கு மறுபடி கிளப்பினார்கள். இருவரும் புது டயர் மாட்டியிருப்பார்கள். யார் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இருவருக்கும் ஒரே அளவுகோல். நான் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால், சிவப்புக் கொடி என்று இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. அந்த விபத்துக்கு அது கட்டாயம் தேவைப்பட்ட கொடி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு மாற்றங்கள் வந்தன. 2022 பிப்ரவரியில் மாசியை எடுத்துவிட்டு நீல்ஸ் விட்டிக், எட்வார்டோ ஃப்ரெய்டாஸ் இருவரையும் போட்டார்கள். அணித் தலைவர்கள் பந்தயத்தின் நடுவே டைரக்டரோடு வயர்லெஸ்ஸில் நேராகப் பேசுவதை நிறுத்தினார்கள். விதியில் "எல்லா" என்ற சொல் வந்தது, பின்தங்கிய வண்டிகளைக் கணினியே அடையாளம் காட்டும்படி செய்தார்கள். அந்த செப்டம்பரில் மோன்சாவில் கடைசிச் சுற்றுகளில் ரிக்கார்டோவின் வண்டி தடத்தில் நின்றுவிட்டது. யாரும் அவசரப்படவில்லை, சேஃப்டி காருக்குப் பின்னாலேயே வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், கூட்டம் கூச்சல் போட்டது. அதுதான் விதிப்படி நடந்த முடிவு.

அதனால் வெர்ஸ்டாப்பன் 2021 சாம்பியன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹாமில்டனுக்கு நடந்தது அநியாயம், அதிலும் சந்தேகம் இல்லை. யாரும் பேசாத மூன்றாவது ஆள் சைன்ஸ். பந்தயம் நடக்கட்டும் என்றுதான் வண்டிகளை விலக்கினார்கள் என்றால், அவருக்கு முன்னாலிருந்த இரண்டையும் விலக்கியிருக்க வேண்டும். நேரம் கிடைத்தால் அந்தப் பந்தயத்தின் இறுதி முடிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். நோரிஸ் முதல் வெட்டல் வரை 7ஆம் இடத்திலிருந்து 11ஆம் இடம் வரை ஐவரும் முதல் இடக்காரரின் அதே சுற்றில் முடித்தவர்கள். அவர்களுக்குக் கீழே ரிக்கார்டோ, ஸ்ட்ரோல், ஷூமாக்கர் மூவர் பெயருக்கும் நேராக ஒரு சுற்று குறைவு என்று போட்டிருக்கும்.